மலையில் திசு வளர்ப்புக் கூடம்: அமுக்கரா (அஸ்வகந்தா) வேரைப் பாட்டிலில் வளர்க்க இறங்குகிறவர்களுக்கு

முதல் தடவை நான் ஊற்றிய 60 பாட்டிலில் 52 பாட்டில் ஐந்தாம் நாளே போயிற்று. செடி எதுவும் வைக்கவில்லை, வெறும் ஊடகம்தான், அதாவது செடித்துண்டு வளர ஊற்றும் சத்துக் கூழ். கூழைக் கட்டவைக்கும் அகாருக்குள் மோர் ஊற்றினாற்போல் ஒரு மங்கல், சிலவற்றில் பச்சைப் பூசணம். புத்தகம் சொன்னபடி ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலம்) சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிடம் என்று எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். தப்பு எங்கே என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. நான்காம் படியில் வருகிறது.

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்துவதைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாவரவியல் படித்திருந்தேன், தோட்டத்துப் பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது, இறங்கிவிட்டேன். நீலகிரியிலோ கொடைக்கானல், தாண்டிக்குடிப் பக்கமோ ஒரு அறையும் நாலைந்து லட்சமும் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிக் கூடம் கட்டுகிறவர்களுக்கு இது பயன்படாது.

1. பணத்தை எடுக்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

அரை லிட்டர் குடுவையில் 100 மில்லி திரவ ஊடகம் வைத்தால், நாலைந்து வாரத்தில் என் கைக்கு 8 முதல் 11 கிராம் ஈர வேர் வருகிறது. உலர்த்தினால் ஒரு கிராம் பக்கம். என் ஷேக்கரில் (குடுவைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) நிற்பது 16 குடுவை. ஆக மாதம் 16 கிராம்! ஒரு கிலோ உலர் வேருக்கு ஆயிரம் குடுவை வேண்டும். வயலில் விளைந்த அமுக்கரா வேரோ கிலோ சில நூறு ரூபாய்க்கு நாட்டு மருந்துக் கடைக்கு வந்துவிடுகிறது.

எனவே வேர்ப்பொடி விற்றுப் பணம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சி நடத்துகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. சிறிய கூடத்திலிருந்து உண்மையில் விலைபோவது வேறு: கல்லூரிச் செய்முறை வகுப்புகளுக்குச் சுத்தமான வளர்ப்புப் பாட்டில்கள், ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரே சீரான வேர் மாதிரிகள், நடுவதற்கான நாற்றுகள், அப்புறம் பயிற்சிக் கட்டணம். இதில் ஒன்றுக்காவது “ஆமாம், வாங்கிக்கொள்கிறோம்” என்று இரண்டு பேர் எழுதித் தந்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. எந்தச் சத்து, செடியின் எந்தப் பாகம்

நான் எட்டு மாதம் வீணடித்தது இங்கேதான். அமுக்கரா இலைத்துண்டை 2,4-டி என்ற ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வைத்து அருமையான காலஸ், அதாவது உருவமில்லாத செல் குவியல், வளர்த்தேன். வெளிர் மஞ்சள், ரவை உப்புமா போல உதிரும். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சோதனைக்கு அனுப்பினால், அமுக்கரா வேரின் மருந்துச் சத்தான வித்தனோலைடு ஏ “கண்டறியும் அளவுக்குக் கீழே” என்று வந்தது.

பல மருந்துச் சத்துகளைச் செடி எங்கே வேண்டுமானாலும் செய்வதில்லை. வேர் வேராக இருந்தால்தான், தளிர் தளிராக இருந்தால்தான் செய்யும். உருவமில்லாத செல் குவியலில் அந்த வேலை நின்றுபோகிறது, அல்லது மிகக் குறைந்துவிடுகிறது. விதிவிலக்கு உண்டு. ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1983-ல் ஷிகோனின் சாயத்தைச் செல் வளர்ப்பிலேயே எடுத்து விற்றது. புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலையும் யூ மரச் செல்களைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். அதற்கெல்லாம் பின்னால் பல வருடத் தேர்வு இருக்கிறது. நம் கிடங்கில் அது நடக்காது.

சரி, நமக்கு எளிய விதி: நீர்ப்பிரம்மி என்றால் தளிர் வளர்ப்பு, அமுக்கரா என்றால் வேர் வளர்ப்பு. முதல் செடியாகச் செங்காந்தளை எடுக்காதீர்கள். கிழங்கும் விதையும் கொல்லும் நஞ்சு, வளர்வதும் மெதுவாக.

நான் அமுக்கராவை எடுத்ததற்குக் காரணம், அது வயல்பயிர். விதை கடையில் கிடைக்கும், காட்டுப் பக்கம் போக வேண்டாம். இலைத்துண்டிலிருந்து ஆக்ஸின் (வேரைத் தூண்டும் ஹார்மோன்) ஒன்றை மட்டும் வைத்து வேர் வரவழைக்கலாம். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவை ஏற்றி வரவழைக்கும் மயிர்வேர் இதைவிட வேகமாக வளரும், ஹார்மோனே வேண்டாம். ஆனால் அது மரபணு புகுந்த வேர். 1989 விதிகளின்படி உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்கும் நிறுவனம் செய்ய வேண்டிய வேலை அது, தனி ஆளுக்கு ஆகாது.

3. காகிதங்கள் (இரண்டு, மூன்று மாதம் ஒதுக்குங்கள்)

உத்யம் என்ற சிறுதொழில் பதிவுதான் முதல் வேலை. ஆதார், பான் இருந்தால் இணையத்தில் அரை மணி நேரம், கட்டணம் கிடையாது. அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும். பணம் கேட்டாலே மூடிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.: பொருள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை, பயிற்சி போன்ற சேவை என்றால் 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ வரி உள்ள பொருள் ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு வேண்டும். கூடலூர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள். உங்கள் பக்கத்து ஊர் வாடிக்கையாளரே வெளி மாநிலம்தான்.

விதை வாங்கிய ரசீது: இது சின்ன விஷயம் என்று நினைத்தேன். இப்போது முதல் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். ரகத்தின் பெயரோடு வாங்குங்கள். ‘போஷிதா’ சீமாப் (மருந்து, மணப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம்) வெளியிட்ட அமுக்கரா ரகம். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி உயிர் வளத்தை வணிகத்துக்கு எடுப்பவர் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2023 திருத்தம் பயிரிட்ட மருந்துச் செடிகளுக்கு விலக்குத் தந்திருக்கிறது. அந்த விலக்கைக் காட்ட, இது பயிரிட்டதுதான் என்று உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் மூலச் சான்று தேவைப்படும். ஊராட்சியில் கேட்டால் அப்படி ஒரு குழு இருப்பதே சிலருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் மூன்று தடவை நடந்தேன். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சோலையிலிருந்து ஒரு கொழுந்து கிள்ளி வந்து ஆரம்பிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். காப்புக்காடு என்றாலும், முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் சரணாலயம் என்றாலும், அனுமதியில்லாமல் எடுத்தால் வழக்கு. நண்பர் ஒருவர் பையில் நாலு குச்சியோடு சோதனைச் சாவடியில் அரை நாள் உட்கார்ந்திருந்தார். பழங்குடிப் பெரியவர் யாராவது ஒரு செடியையும் அதன் குணத்தையும் காட்டித் தந்தால் அது இன்னும் கவனமான விஷயம். பயன் பகிர்வு பற்றி வாரியத்திடம் பேசாமல் அதைத் தொடாதீர்கள்.

கட்டடம்: புதிதாகக் கட்டாதீர்கள். மலைக் கிராமங்களில் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி கிடைத்துக் கட்டி முடிப்பதற்குள் உங்கள் ஆசையே ஆறிவிடும். இருக்கிற அறையைத் திருத்துங்கள். மின்சாரம் வீட்டு இணைப்பிலேயே ஓடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சிறுதொழில் கட்டணப் பிரிவு கிடைக்குமா என்று உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் உத்யம் சான்றோடு போய்க் கேளுங்கள்.

நாற்று விற்கும் அளவுக்கு வளர்ந்தால், உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் தொடங்கிய திசு வளர்ப்பு நாற்றுச் சான்றளிப்பு முறை இருக்கிறது. முதல் வருடம் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ‘மருந்து’ என்று பெயரிட்டு விற்க ஆயுஷ் உற்பத்தி உரிமம் வேண்டும். அது இல்லாமல் லேபிளில் நோய்ப் பெயர் எதுவும் வரக்கூடாது.

எரிசாராயம் வாங்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம் கேட்பார்கள். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 70 சதம் போதும். ஏழு பங்குக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர். முழுச் செறிவில் துடைத்தால் கிருமி சரியாகச் சாகாது, சீக்கிரம் ஆவியாகிவிடும். கூரியரில் இதை ஏற்ற மாட்டார்கள். நான் மேட்டுப்பாளையம் இறங்கும்போது தூக்கி வருகிறேன்.

4. அறையும் கருவியும் (தை, மாசியில் தொடங்குங்கள்)

ஆனி மாதக் காற்றும் மழையும் வருமுன் அறை காய்ந்து, பூச்சு ஆறி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மழையில் சுவர்ப்பூச்சு செய்தால் பூசணத்துக்கு நீங்களே பாய் விரித்த கணக்கு.

எனக்கு ஆன செலவு, ரூபாயில்: அறைத் திருத்தம் 1,10,000, ஷேக்கர் 85,000, லாமினார் (வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் வேலை மேசை) 62,000, ஆட்டோகிளேவ் 38,000, இன்வெர்ட்டரும் பேட்டரியும் 32,000, தராசு, பி.எச். மீட்டர் இரண்டும் 30,000, அலமாரியும் எல்.இ.டி. விளக்கும் 24,000, கண்ணாடிச் சாமான் 20,000, முதல் தவணை ரசாயனம் 18,000, நீர் வடிகட்டும் கருவி 9,000. மொத்தம் 4,28,000. ஏற்றுக்கூலி தனி. மலைக்கு ஏற்றிக் கொடுப்பீர்களா, வந்து பொருத்துவீர்களா என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு லாமினாரை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்த 52 பாட்டில். ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை. கீழே சமவெளியில் 15 பவுண்டு என்றால் உள்ளே 121 பாகை செல்சியஸ். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே வெளிக்காற்றே லேசு, தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடுகிறது. அதனால் அதே 15 பவுண்டில் உள்ளே சுமார் 118 பாகைதான். ஊட்டியில் 117. பருப்பு வேகத் தாமதமாவது ஏன் என்று நம் வீட்டு அடுக்களைக்குத் தெரியும். படித்த எனக்குத்தான் உறைக்கவில்லை. 118 பாகையில் 20 நிமிடம் போதாது. சூடு பட்டதைக் காட்ட ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்துவிடும், ஆனால் விதைபோல உறங்கும் பாக்டீரியா சாகாது.

இதற்கு வழி இரண்டு. உங்கள் கருவி தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொன்னால் கோத்தகிரி, குன்னூரில் 18 பவுண்டு, ஊட்டி, கொடைக்கானலில் 18.5 முதல் 19 வரை வைத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். தாங்காது என்றால் அதே 15 பவுண்டில் 40 நிமிடம். வால்வின் மேல் எடை வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். வெப்பமானி உள்ள கருவியாக வாங்கி, முள்ளை விட்டுவிட்டுப் பாகையை நம்புவது எல்லாவற்றையும்விட நல்லது. வால்வை மூடுமுன் உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறி, நீராவி சீராக வரும்வரை பொறுங்கள்.

வளர்ப்பு அறை 25 பாகை பக்கம் இருக்க வேண்டும். கீழே உள்ளவர்கள் குளிரூட்டிக்குச் செலவு செய்கிறார்கள், நமக்கு மார்கழி இரவில் ஹீட்டர் செலவு. நான் கண்ட ஒரு சுளுவான வழி: நாற்றுகளுக்குத் தேவையான 16 மணி நேர வெளிச்சத்தை மாலை ஐந்திலிருந்து காலை ஒன்பதுவரை வைத்துவிட்டேன். விளக்கின் சூடு குளிர் நேரத்தில் அறைக்கு உதவுகிறது. வேர்க்குடுவைகளுக்கு வெளிச்சம் வேண்டாம், கறுப்புத் துணி போட்டு மூடலாம்.

பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் அறைக் கதவைத் திறக்காதீர்கள். பஞ்சு அடைப்பு ஈரம் குடித்துவிடும், பூசணம் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. ஆட்டோகிளேவ் தாங்கும் பாலிபுரோப்பிலீன் மூடிக்கு மாறுங்கள். தோட்டத்தில் போட்டிருந்த சட்டையோடும் உள்ளே போகாதீர்கள்.

5. ஊடகம் தயாரித்தல்

முராஷிகி-ஸ்கூக் ஊடகம், சுருக்கமாக எம்.எஸ்., பொடியாகவே வருகிறது. ஒவ்வொரு உப்பாக வாங்கி நிறுக்கிற வேலை தொடக்கக்காரர்களுக்கு வேண்டாம். விதை முளைக்க வைக்க லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகார். வேர் வரவழைக்க எம்.எஸ். பாதி அளவு, சர்க்கரை 20 கிராம், ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்டிரிக் அமிலம், மேலே சொன்ன ஆக்ஸின் இதுதான்) லிட்டருக்கு அரை மில்லிகிராம். ஐ.பி.ஏ. நேரடியாகத் தண்ணீரில் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சில துளி விட்டுக் கரைத்து, பிறகு நீர் சேருங்கள். அந்தக் கரைசல் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும்.

பி.எச். 5.8. அகார் போடுமுன் சரிசெய்யுங்கள். மறந்து அமிலமாக விட்டால் அகார் கட்டாது, கஞ்சிபோல நிற்கும். ஊற்றுநீரையும் குழாய் நீரையும் நம்பாதீர்கள், காய்ச்சி வடித்தது மட்டும்.

ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த பாட்டிலைக் குளிர்ந்த அறையில் அப்படியே வைத்தால் உள்ளே நீர் முத்துக்கோத்து அகார் மேல் குளமாக நிற்கும். பழைய கம்பளியைப் போர்த்தி மெதுவாக ஆறவிடுங்கள். பிறகு ஐந்தாறு நாள் சும்மா வைத்துப் பார்த்து, தெளிவாக இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். கெட்டதைத் திறக்காமல் மறுபடி ஆட்டோகிளேவில் ஓட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

6. விதையிலிருந்து வேருக்கு

விதையை அரை மணி ஓடும் நீரில் வையுங்கள். ட்வீன் 20 (சோப்புப் போன்ற திரவம்) ஒரு துளி விட்டு அலசுங்கள். அடுத்தது லாமினாருக்குள்: 70 சத ஆல்கஹாலில் அரை நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) 10 முதல் 15 நிமிடம், கிருமி நீக்கிய நீரில் நாலு தடவை அலசல். பழைய ப்ளீச் பாட்டில் வீரியம் இழந்திருக்கும். திறந்த தேதியை மேலே எழுதுங்கள். பல புத்தகங்கள் மெர்க்குரிக் குளோரைடு சொல்லும். வேண்டாம். நாம் ஊற்றும் கழிவு எந்த ஓடைக்குப் போகிறது, அந்த ஓடையில் யார் குடிக்கிறார்கள் என்பது மலையில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

ஆல்கஹால் ஈரக் கையோடு தீ எரியும் விளக்குப் பக்கம் போகாதீர்கள். என் வலது கையில் ஒரு மாதம் மயிரே இல்லை.

அமுக்கரா எல்லாம் ஒன்றாக முளைக்காது. 40 விதை வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பாதி வந்தால் மகிழ்ச்சி. நாலைந்து வார நாற்றின் இலையை ஒரு சென்டிமீட்டர் துண்டாக வெட்டி ஐ.பி.ஏ. ஊடகத்தில் வையுங்கள். வெட்டிய விளிம்பில், முக்கியமாக நடு நரம்புப் பக்கம், வெள்ளை முடிச்சுகள் தெரியும். இரண்டு, மூன்று வாரத்தில் நூல் வேர்கள். அங்கே காலஸ் வீங்கினால் ஹார்மோன் அதிகம் என்று பொருள்.

அந்த வேரைத் துண்டித்து, அகார் இல்லாத அதே ஊடகத்தில், 100 மில்லிக்கு ஒரு கிராம் வீதம் போட்டு ஷேக்கரில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சுற்று. இருட்டு. ஷேக்கர் நின்றால் வேர் மூச்சுத் திணறிப் பழுப்பாகும். ஆனி, ஆடியில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ஒரு நாள் முழுக்க மின்சாரம் வராது. இன்வெர்ட்டரில் ஷேக்கர் மட்டும் ஓடட்டும், விளக்கு அணையட்டும். மெத்தில் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம் போன்ற தூண்டிகள் சத்தைக் கூட்டும், ஆனால் வேர் வளர்ச்சியைக் குறைக்கும். அதனால் கடைசி வாரத்தில் மட்டும். முதல் ஆறு மாதம் அதுவும் வேண்டாம். தூண்டாத வேரின் அளவு தெரியாமல் தூண்டிய வேரை எதோடு ஒப்பிடுவீர்கள்?

7. சோதனையும் அனுப்புதலும்

வேரை வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரை எடையைக் கூட்டிக் காட்டும். 45 பாகைக்குள், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். எச்.பி.எல்.சி. (சத்துகளைப் பிரித்து அளக்கும் கருவி) சோதனைக்கு மாதிரிக்கு இரண்டாயிரம் ரூபாய் பக்கம் கொடுத்தேன். அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வித்தனோலைடு ஏ-க்கான நியமப் பொருள் (ஒப்பிட்டு அளக்கும் தூய மாதிரி) அவர்களிடம் இருக்கிறதா, முடிவை உலர் எடைக்குத் தருவார்களா, கருவி வரைந்த படத்தாள் சேர்த்துத் தருவார்களா. ‘மொத்த வித்தனோலைடு’ என்று ஒரே எண் போட்டுத் தரும் சான்றிதழ் ஆராய்ச்சி மாணவருக்கு உதவாது. ஒப்பீட்டுக்கு வயல் வேர் ஒரு மாதிரியும் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு அதுதான் வாடிக்கையாளரிடம் பேச வாய் கொடுத்தது.

கல்லூரிகளுக்கு விற்றால், கூடத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் பான் எண் போட்ட பில்லும் தயாராக இருக்கட்டும். பில் மார்ச்சுக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த நிதி ஒதுக்கீடுவரை பணம் வராது. ஒரு இடத்தில் 11 மாதம் காத்திருந்தேன். இப்போது பாதி முன்பணம் வாங்காமல் விதையே ஊறவைப்பதில்லை.

உலர் வேரை அலுமினியப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தொகுதி எண்ணும் தேதியும் எழுதி அனுப்புங்கள். உயிருள்ள பாட்டில் என்றால் திங்கள் காலை முதல் பஸ்ஸில் கீழே இறக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு முழுக்கச் சமவெளி வெயிலில் ஏதாவது ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.